ஸ்விட்சுக்கு மேலே ஒட்டிய காகிதம்

கும்மிடிப்பூண்டி,
3-4-1978

திரு. மணவாளன் அவர்களுக்கு,

வணக்கம். கலங்கரை ஃபைபர் ஒர்க்ஸ் நிறுவனத்தின் சோதனைப் பிரிவு இன்ஜினியர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

தங்களைப் படகு ஓட்டுநர் வேலையிலிருந்து நீக்கியது நிர்வாகத்தின் முடிவு. அதைப் பற்றி இக்கடிதம் பேசாது. இக்கடிதம் படகைப் பற்றியது.

நமது பதினெட்டடிப் படகின் பின்புறம் வெளிநாட்டு இன்ஜின் பொருத்தியிருப்பதும், அந்த இன்ஜினைப் படகை ஒட்டி உள்ளே இழுக்கவும் வெளியே தள்ளவும் ஒரு ஸ்விட்ச் இருப்பதும் தாங்கள் அறிந்தவை. படகு தண்ணீரை உழுதுகொண்டு போகாமல் அதன் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகவேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஸ்விட்ச். அதற்காகத்தான் முதலாளி ரங்கசாமி அவர்கள் இறக்குமதி லைசென்சுக்கு மூன்று வருடம் அலைந்தார். பிப்ரவரி மாதம் பழவேற்காடு ஏரியில் தாங்கள் ஓட்டிப் பழகிய நாட்களில், பத்து எண்ணுவதற்குள் படகு மேலே ஏறியதாகக் கரையில் நின்று நான் குறிப்பெடுத்திருக்கிறேன். தாங்கள் போன பிறகு மூன்று பேர் முயன்று பார்த்துவிட்டார்கள். படகு மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் மட்டும் போகிறது.

மே மாதம் 5ஆம் தேதி, படகு வாங்க வரும் அதிகாரிகள் முன்னிலையில் மறுபடியும் வெள்ளோட்டம். எந்தெந்த நேரத்தில் ஸ்விட்சை எப்படி இயக்கினீர்கள் என்பதை, அலுவலகப் பதிவுக்காக, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன். தபால்தலை ஒட்டிய உறை இத்துடன் உள்ளது.

இப்படிக்கு,
கே. துளசிராமன்


மேட்டுக்குப்பம்,
பழவேற்காடு வழி,
9-4-78

இன்ஜினியர் சாருக்கு மணவாளன் எழுதறது.

உங்க லெட்டர் வந்துச்சு. கம்பெனி கவரைப் பாத்துட்டு தபால்காரரே "இன்னா மணவாளா, திரும்பக் கூப்புட்டாங்களா"ன்னு கேட்டாரு. பிரிச்சுப் படிச்சேன். நம்பாம இன்னொரு தபா படிச்சேன். வேலைய வுட்டுத் தூக்கினவன்கிட்டயே அந்த வேலைய எப்படி செய்யறதுன்னு கேட்டுக்கிறீங்க. என் ஊட்டுக்காரி அங்காளம்மா "இன்னா எழுதிக்கிறாரு"ன்னா. "சவுக்கியமான்னு கேட்டுக்கிறாரு"ன்னு சொல்லிட்டேன். நெசத்தச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. எனக்காக இல்ல சார், உங்களுக்காக.

உங்க பதிவுல இருக்காது, அதனால மார்ச் பதினொன்னாந் தேதி வெள்ளோட்டத்துல நடந்தத நான் எழுதறேன். அதுக்கு முன்ன இருபது நாளு நான் என் போக்குல ஓட்டினேன், படகு மேல ஏறுச்சு. அன்னிக்கிக் காலைல நீங்க ஒரு காகிதத்த எடுத்துக்கினு வந்து ஸ்விட்சுக்கு மேல ஒட்டினீங்க. "புறப்படுமுன் இன்ஜினை முழுவதும் வெளியே தள்ளவும். படகின் மூக்கு மேலெழும். வேகம் கூடும்." நான் சொன்னேன், "சார், கெளம்பும்போதே வெளிய தள்ளினா வாலு முங்கிடும்." முதலாளி பக்கத்துல நின்னாரு. நீங்க அவரு காதுல வுழற மாதிரி, "மணவாளன், இது சயின்ஸ். காகிதத்தில் உள்ளபடி செய்"ன்னீங்க.

வந்த அதிகாரி மெத்த போட்ட பின்சீட்டுல குந்தினாரு. கூட வந்த நாலு பேரும் அவருக்கு முதுகு காட்டி முன்னால குந்தக் கூடாதாம். அத்தினி பேரும் அவரோட பின்னாடியே நெருக்கிக்கினாங்க. முன்னால நான் ஒருத்தன். ஓட்டறவன் முதுகு காட்டாம எப்படி ஓட்டறது? காகிதத்துல உள்ளபடி செஞ்சேன். படகு எழுந்து நின்னுச்சு. எனக்கு ஏரியே தெரியல, ஆகாசம்தான் தெரிஞ்சுது. தண்ணியத் தள்ளற இன்ஜின் விசிறி காத்தப் புடிச்சுக்கினு ஊளையிட்டுச்சு. அதிகாரி சறுக்கி, கைய ஊணி, மணிக்கட்டு ஒடிஞ்சுது. பயந்து வேகத்தக் கொறச்சேன், எங்க அலையே பின்னாடி வந்து எங்க மேல ஏறுச்சு.

நீங்க எழுதின ரிப்போர்ட்ட முதலாளி எனக்குப் படிச்சுக் காட்டினாரு. "ஓட்டுநர் எழுத்துமூலமான அறிவுரையைப் பின்பற்றவில்லை." நீங்க அப்ப ஜன்னலப் பாத்துக்கினு நின்னீங்க.

சார், எண்ணூர்ல ஒரு கம்பெனியில லாஞ்சு ஓட்ட ஆள் எடுக்கறாங்க. அங்க சூப்பரண்டு சாலமோன்னு ஒருத்தரு. நான் ஓட்டறதப் பாத்துட்டாரு, புடிச்சுப்போச்சு. ஆனா உங்க ரிப்போர்ட் அவரு கைக்குப் போயிடுச்சு. ரிப்போர்ட் தப்புன்னு நீங்க எழுதிக் குடுத்தா மே இருபத்திரெண்டாந் தேதி என்னை எடுத்துக்கறேன்னாரு. அத எழுதுங்க. அப்பறம் ஸ்விட்சப் பத்திப் பேசலாம்.

மணவாளன்


கும்மிடிப்பூண்டி,
15-4-1978

அன்புள்ள மணவாளன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உணர்ச்சிவசப்பட்டு எழுதப்பட்டிருந்தாலும் தேதிகள் சரியாக உள்ளன.

தாங்கள் கேட்டபடி ஒரு சான்றிதழ் இணைத்துள்ளேன். நான்கு முறை எழுதித் திருத்தியது. "திரு. மணவாளன் எங்களிடம் பதினோரு மாதம் பணிபுரிந்தார். நேரம் தவறாதவர். மதுப்பழக்கம் இல்லாதவர். மார்ச் மாத வெள்ளோட்டத்தின்போது எதிர்பாராத சில தவறுகள் நேர்ந்தன. அவருக்கு எங்கள் நல்வாழ்த்துகள்." இது போதுமானதாக இருக்கும் என நினைக்கிறேன்.

தங்களுக்கு மட்டும் ஒன்றைச் சொல்கிறேன். இன்ஜினுடன் வந்த ஆங்கிலக் கையேடு அறுபத்துநான்கு பக்கம். அதில் புறப்படும் முறையைச் சொல்லும் மூன்றாவது அத்தியாயம் சுங்கக் கிடங்கில் நனைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டிருந்தன. பிரித்தால் கிழிந்தது. ஐந்தாவது அத்தியாயம் தெளிவாக இருந்தது. வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் படகில் இன்ஜின் சற்று வெளியே தள்ளியிருப்பது நல்லது என்று அது சொன்னது. ஓடும் படகுக்கு நல்லது புறப்படும் படகுக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். விமானம்கூட மூக்கைத் தூக்கித்தானே கிளம்புகிறது.

இதை முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால், "ஒட்டிக்கொண்ட பக்கத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் எப்படி எழுதினாய்? இருபது நாள் ஓட்டியவனை ஒரு வார்த்தை கேட்டாயா?" என்பார். நியாயமான கேள்விகள். அதனால்தான் சொல்லவில்லை.

வெள்ளோட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. முறையை எழுதி அனுப்பவும்.

தங்கள்,
துளசிராமன்


மேட்டுக்குப்பம்,
22-4-78

துளசிராமன் சாருக்கு,

சர்டிபிகேட்ட எடுத்துக்கினு எண்ணூர் போனேன். சாலமோன் சார் கண்ணாடி போட்டுப் படிச்சாரு. "குடிக்காதவன்னு போட்டுக்கிறாரு, சந்தோசம். ஆனா சொன்ன பேச்சு கேக்காதவன்னு முன்ன போட்டுக்கிறாரே, அது இன்னும் அப்பிடியேதான கீது? இதுல எது நீ?"ன்னாரு. "ரெண்டு காகிதமும் ஒரே கைதான் சார்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

தவறுகள் நேர்ந்ததுன்னு எழுதிக்கிறீங்க. நேர்றதுக்கு அது இன்னா மழையா?

குப்பத்துல எனக்கு இப்ப வேற பேரு. ஆகாசம் பாத்த மணவாளன். தண்ணியில பொறந்து தண்ணியில வளந்தவன், கம்பெனி படகு ஏறினதும் ஓட்டத் தெரியல, அதிகாரி கைய ஒடச்சான், அப்பிடின்னு கதை. நடந்தது வேறன்னு சொன்னா, "எழுதினதே அப்பிடின்னா நீ இன்னாடா சொல்றது"ன்றானுங்க. மீன் எடுக்கப் போற எடத்துல அங்காளம்மாவ, "உன் ஊட்டுக்காரரு இன்னிக்கி மேகம் எப்படின்னு சொன்னாரு"ன்னு கேக்கறாளுங்க. அவ ஊட்டுக்கு வந்தா. சோறு போட்டா. கரண்டி சத்தம் மட்டும் கேட்டுச்சு.

உங்களுக்கு எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். என் கொழுந்தியா கன்னியம்மா உங்க ரெசின் ஷெட்டுல வேல செய்யறது உங்களுக்குத் தெரியும். அஞ்சாந் தேதி படகு ஓட்டப் போறது சின்னதுரைன்னு அது சொல்லுச்சு. பழைய காகிதம் இன்னும் ஸ்விட்சுக்கு மேலயே கீதாமே. சின்னதுரை கவரைப்பேட்டைக்காரன். அவன் பாத்த ஏரி மழை பெஞ்சா ரொம்பற ஏரி. நீச்சல் தெரியாது, ரெண்டு பொட்டப் புள்ளைங்க. அவனுக்காக எழுதறேன். உங்களுக்கு இல்ல.

கெளம்பும்போது இன்ஜின் முழுசா உள்ள இருக்கணும். எவ்ளோ உள்ள போவுமோ அவ்ளோ. அப்பறம் வேகக் கைப்பிடிய முழுசாத் தள்ளணும், பயந்து பயந்து தள்ளினா வேலைக்கு ஆவாது. மூக்கு கொஞ்சம் தூக்கும், ஒடனே தானா எறங்கும். அப்ப காலுக்குக் கீழ படகு கனம் கொறஞ்ச மாதிரி இருக்கும். அதுதான் ஏறிட்டதுன்னு அர்த்தம். அதுக்கு மேலதான் ஸ்விட்சத் தொட்டுத் தொட்டு வெளிய வுடணும். தொட்டுத் தொட்டு, அழுத்திப் புடிக்கக் கூடாது. ஸ்டீரிங் லேசாவும், வேகம் கூடும், பெட்ரோல் கம்மியாக் குடிக்கும். ஒரு எடத்துல மூக்கு மேலயும் கீழயும் தலையாட்ட ஆரம்பிக்கும். அங்க நிறுத்தி ஒரு தொடு உள்ள. அவ்ளோதான். அலை எதுக்க வந்தா இன்னும் கொஞ்சம் உள்ள. ஆளுங்கள எல்லாம் ஒரே எடத்துல குந்த வெக்காதீங்க, அவங்க பதவி இன்னாவா இருந்தாலும்.

ரெண்டு பக்கம் ஆயிடுச்சு. நீங்க ஒண்ணுதான் கேட்டீங்க.

மே இருபத்திரெண்டு சார்.

மணவாளன்


கும்மிடிப்பூண்டி,
8-5-1978

அன்புள்ள மணவாளன்,

வெள்ளோட்டம் நன்றாக நடந்தது. சின்னதுரை தாங்கள் எழுதியபடியே செய்தார். எட்டு எண்ணுவதற்குள் படகு மேலே ஏறிவிட்டது. இம்முறை வந்தவர் வேறு அதிகாரி. அவரை நடுவில் உட்காரச் சொல்லக் கொஞ்சம் மன்றாட வேண்டியிருந்தது. பத்துப் படகுக்கு ஆர்டர் கிடைத்திருக்கிறது.

பழைய காகிதத்தை நானே கிழித்தேன். தங்கள் வார்த்தைகளை நல்ல தமிழில் மாற்றிப் புதிதாக ஒட்டினேன். முதலாளி அதைப் படித்துவிட்டு, ஆர்டர் கொடுத்தவர்களுக்கெல்லாம் தரலாம் என்று புத்தகமாக அச்சடிக்கச் சொல்லிவிட்டார். "படகு மேலெழும் முறை. எழுதியவர்: கே. துளசிராமன், பி.ஈ." ஐந்நூறு பிரதி.

நான் மறுக்காமல் இல்லை. அவர் அறைக்குப் போய், "இந்த முறை உண்மையில் என்னுடையது..." என்று ஆரம்பித்தேன். "துளசிராமன், உன் அடக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லி டெலிபோனை எடுத்துவிட்டார். சின்னதுரை அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். அந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல்தான் இருக்கிறது.

சாலமோன் அவர்களுக்கு இந்த வாரத்துக்குள் எழுதிவிடுகிறேன். இது வாக்கு.

துளசிராமன்


மேட்டுக்குப்பம்,
17-5-78

சாருக்கு,

உங்க வாரத்துக்கு எத்தினி நாளு?

நேத்து எண்ணூர் போய் வந்தேன். லெட்டர் எதுவும் வரலன்னாரு சாலமோன் சார். இன்னொருத்தன் கீறானாம், ராயபுரத்து ஆளு, அவனுக்குக் காகிதம் எல்லாம் சுத்தமா கீதாம். "இருபத்திரெண்டு பகல் பன்னெண்டு வரைக்கும் உனக்காகப் பாப்பேன், அதுக்கு மேல என்னால முடியாது"ன்னாரு. நல்ல மனுசன். எனக்காகப் பொய் சொல்ல மாட்டேன்றாரு, நெசத்துக்குத்தான் காத்துக்கினு கீறாரு.

உங்க புக்கு ஒண்ணு கன்னியம்மா கொண்டாந்து குடுத்துச்சு. அட்டை நல்லா கீது.

மணவாளன்


கும்மிடிப்பூண்டி,
25-5-1978

மணவாளன் அவர்களுக்கு,

தங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் சொல்லவேண்டும்.

சாலமோன் அவர்களுக்கு எழுதவேண்டிய கடிதத்தை 18ஆம் தேதி எழுதினேன். நகல் கீழே:

"மார்ச் 11ஆம் தேதி ஓட்டுநர் மணவாளன் எழுத்துமூலமான அறிவுரையை அப்படியே பின்பற்றினார். அறிவுரை தவறானது. அதை எழுதியவன் நான். அது தவறு என்று அவர் புறப்படும் முன்பே சொன்னார். பலர் முன்னிலையில் அவர் வாயை அடைத்தேன். பிறகு விசாரணை அறிக்கையில் பழியை அவர் மேல் போட்டவனும் நானே. இப்போது என் பெயரில் அச்சாகியிருக்கும் முறை அவருடையது. இதைவிடத் திறமையான ஓட்டுநரை எனக்குத் தெரியாது."

எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு அது நான்கு நாள் என் சட்டைப் பையில் இருந்தது. ஒவ்வொரு நாளும் சட்டை மாற்றும்போது மறக்காமல் எடுத்துப் புதுச் சட்டையில் வைத்துக்கொண்டேன். தொலைந்துவிடக் கூடாதல்லவா. ரயில்வே ஸ்டேஷன் தபால்பெட்டியை எட்டு முறை கடந்திருப்பேன். 22ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குப் போட்டேன். பகல் பன்னிரண்டு வரை அவர் காத்திருப்பார் என்று தாங்கள் எழுதியதைப் படித்திருந்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. நான்கு மணி ரயிலுக்கு நின்றிருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இனிமேல் போட்டால், உண்மையைச் சொன்னதாகவும் ஆகும், அதனால் எதுவும் நடக்காததாகவும் ஆகும். அந்த நினைப்பு வந்த பிறகுதான் கை பெட்டிக்குள் போயிற்று. நேற்று அவரிடமிருந்து பதில் வந்தது. வேலை 22ஆம் தேதியே ராயபுரத்துக்காரருக்குப் போய்விட்டது.

இன்னொன்று. காகிதம் ஒட்டியதெல்லாம் படகு கரையில் கிடந்தபோது; தண்ணீரில் நான் அந்தப் படகில் ஒருநாளும் ஏறியதில்லை. அந்தப் படகில் மட்டுமல்ல, எந்தப் படகிலும். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். இன்ஜினைச் சோதித்ததெல்லாம் தொழிற்சாலையின் சிமெண்டுத் தொட்டியில். அங்கே அது வெளியே போ என்றால் போயிற்று, உள்ளே வா என்றால் வந்தது. நான் கரையில் நின்று குறிப்பெடுத்ததைப் பொறுப்புணர்ச்சி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் கடிதத்தின் ஒரு நகலை முதலாளியிடமும் கொடுத்தேன். முழுக்கப் படித்தார். "கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். ஃபைலில் வைத்தார். புத்தகம் ஏற்கெனவே அச்சாகிவிட்டதாம். என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. அதுவே எனக்குத் தண்டனை என்று எழுத ஆசைதான். ஆனால் மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு அப்படி எழுதுவது சரியாக இருக்காது.

மன்னிப்புக் கேட்கவேண்டும். எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. எந்த அத்தியாயத்திலும் இல்லை.

துளசிராமன்


மேட்டுக்குப்பம்,
3-6-78

துளசிராமன் சாருக்கு மணவாளன் எழுதறது.

சாலமோன் சார் ஆள் அனுப்பிக் கூப்புட்டு உங்க லெட்டர என் கையில குடுத்தாரு. "ஆளு லேட்டு, ஆனா எழுத்து சுத்தம். இது எனக்கு இனிமே எதுக்கு, நீயே வெச்சுக்க"ன்னாரு. அடுத்த தபா ஆள் எடுக்கும்போது பாக்கறேன்னாரு. அடுத்த தபான்னா எப்பன்னு அவருக்கும் தெரியாது. நான் இப்ப சுப்பராயன் வலைக்குப் போய்க்கினு கீறேன். எறா நல்லா படுது.

வலை காயப்போடற எடத்துல பத்துப் பதினஞ்சு பேரு இருந்தாங்க. லெட்டர சத்தமாப் படிச்சேன். "அதை எழுதியவன் நான்"னு வந்த எடத்துல சுப்பராயன் கைய நீட்டி நிறுத்தினாரு. "படிச்ச ஆளு தன் கையாலயே இப்பிடி எழுதிக் குடுத்துக்கிறானா? திரும்பப் படி"ன்னாரு. மூணு தபா படிச்சேன். அங்காளம்மா தூரமா நின்னு வலையில சிக்கெடுத்துக்கினு இருந்தா. மூணு தபாவும் அங்கயே நின்னா. வேல போச்சு சார், பேரு வந்துச்சு. ஆகாசம் பாத்தவன்ற பேர இப்ப உங்களுக்கு வெச்சுட்டானுங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன். ரொம்ப அழுத்திச் சொல்லல.

மன்னிச்சுட்டேன்னு எழுதலாம்னு பாத்தேன். ஒரு வாரமாப் பாக்கறேன். பேனா அந்தப் பக்கம் போவல. நீங்க நாலு மணி ரயிலுக்கு நின்னு போட்ட கணக்க எழுதாம வுட்டிருந்தீங்கன்னா ஒருவேளை மன்னிச்சிருப்பேன். எழுதினதுனால உங்கள நம்பறேன். ரெண்டும் வேற வேறன்னு இப்பதான் எனக்கே தெரியுது.

நான் இத எழுதறது அதுக்கு இல்ல. உங்க புக்க நேத்துதான் முழுசாப் படிச்சேன். ஏழாம் பக்கத்துல, "திருப்பங்களில் ஸ்விட்சைத் தொடவேண்டிய அவசியமில்லை"ன்னு போட்டுக்கீது. நான் அத எழுதல. நீங்களாச் சேத்துக்கிறீங்க. பக்கம் ரொம்பறதுக்காகச் சேத்தீங்களோ இன்னாவோ. அது தப்பு சார். திரும்பறதுக்கு முன்ன வேகத்தக் கொறச்சு, இன்ஜின உள்ள இழுத்துடணும். வெளிய வுட்ட மாதிரியே வேகமாத் திருப்பினா விசிறி காத்தப் புடிச்சுக்கும், வாலு வழுக்கும், ஓரத்துல குந்தினவன் தண்ணியில இருப்பான். சின்னதுரை அந்தப் புக்கப் பாக்கெட்டுல வெச்சுக்கினுதான் ஓட்டறானாம். உங்க மேல அவனுக்கு மரியாத.

அஞ்சூறு புக்கு. ஏழாம் பக்கத்துல அந்த வரிய அடிச்சுட்டு, பக்கத்துல இத எழுதுங்க. அச்சடிக்கறவன்கிட்ட குடுக்காதீங்க, நீங்களே கையால எழுதுங்க. முதல்ல சின்னதுரையோட புக்கு.

இதுக்குப் பதில் லெட்டர் போட வேணாம். திருத்தினீங்களா இல்லையான்னு கன்னியம்மா பாத்து வந்து சொல்லிடும்.

மணவாளன்